ஸ்காட்லாந்து மேற்குக் கரை கேலிக் (அங்கத்த பழைய மொழி) ஊர்ப்பேர்கள்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கே: ஸ்கை தீவு மேப்ல கரையோரம் பூரா ருபா, ஸ்கெர்னு வருதே?

ப: எழுத்துல ருபா மாதிரி இருக்கும், வாயில ரூ-அ. கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கிற முனை. ஸ்கெர்னா தண்ணிக்கு மேல தலை தூக்குற பாறை, ஸ்கெர் நன் ரோன்னா சீல் பாறை. இத விட முக்கியமானது போ-அ, தண்ணிக்கடியில மறைஞ்சு கெடக்குற பாறை, அலை உடையும்போதுதான் தெரியும், கடல் மேப்ல (சார்ட்) சில இடத்துல சுருக்கி "போ"ன்னே போட்டிருப்பாங்க. பேருதான் போ, படகுல அங்க போயிடாதீங்க.

கே: மாலேக்ங்கிற ஊர்ப்பேருக்கு என்ன அர்த்தம்? அகராதில தேடுனேன், கிடைக்கல.

ப: கிடைக்காது. கேலிக் அகராதிய மட்டும் வச்சு பேர பிரிக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? 1266 பெர்த் உடன்படிக்கை வரைக்கும் இந்தத் தீவெல்லாம் நார்வே ராஜா கையில. கடைசில வர்ற "ஏக்" நார்ஸ் (அந்தக்கால நார்வேக்காரங்க மொழி) சொல்லான வீக், அதாவது விரிகுடா. மேல சொன்ன ஸ்கெர், போ-அ ரெண்டும்கூட நார்ஸ்ல இருந்து வந்து கேலிக்காவே மாறிப்போன சொல்லுங்கதான்.

கே: ஆரிசேக்?

ப: மேல பாருங்க.

கே: ஊயிக்?

ப: அதுவும் வீக். இனி இந்த ரகம் எடுக்க மாட்டேன்.

கே: கேப் ராத், கோவக்கார முனையா?

ப: இங்கிலீஷ்ல ராத்னா கோவம், அந்தக் காதால கேட்டா அப்படித்தான் இருக்கும். நார்ஸ் ஹ்வர்ஃப், கப்பல் திரும்புற இடம்.

கே: டார்பெர்ட் ஏன் இத்தன இடத்துல இருக்கு?

ப: நல்ல கேள்வி. ரெண்டு பக்கமும் தண்ணி, நடுவுல ஒடுங்குன நிலம், சுத்திப் போறதுக்கு பதிலா படக தூக்கிட்டோ இழுத்துட்டோ குறுக்கால போயிடலாம், அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் இதே பேருதான், கின்டையர் தீபகற்பத்துலயும் இருக்கு ஹாரிஸ்லயும் இருக்கு. 1098ல நார்வே ராஜா மாக்னஸ் ஸ்காட்லாந்து ராஜாவோட ஒரு ஒப்பந்தம் போட்டாரு. கரைக்கும் தீவுக்கும் நடுவுல சுக்கான் மாட்டின கப்பல் போக முடிஞ்சா அந்த தீவு நார்வேக்கு. ஆளு என்ன பண்ணாருன்னா, டார்பெர்ட்ல கப்பல நிலத்து மேல இழுக்கச் சொல்லி, தான் சுக்கானப் பிடிச்சுக்கிட்டு ஜம்முனு உக்காந்துக்கிட்டாரு. கின்டையரும் தீவுக் கணக்குல போச்சு! நார்ஸ் சாகா, அதாவது பழைய வீரக்கதை சொல்றது இது.

கே: ஸ்கை தீவு போர்ட்ரீ, ராஜா வந்ததால ராஜா துறைன்னு வந்த பேருதானே?

ப: 1540ல ஸ்காட்லாந்து ராஜா ஐந்தாம் ஜேம்ஸ் கப்பல்களோட தீவுகள சுத்தி வந்தாரு, அது உண்மை. ஆனா பழைய உள்ளூர் உச்சரிப்பு ராஜாவோட ஒட்டல, மலைச்சரிவுங்கிற சொல்லோடதான் ஒட்டுது. என் ஓட்டு சரிவுக்கு.

கே: ஊர்ல வச்சிருக்குற கேலிக் பேர்ப் போர்டுலயே ராஜான்னுதான சார் எழுதியிருக்கு?

ப: கதை பிரபலமாச்சு, ஸ்பெல்லிங் அது பின்னாடி போச்சு. போர்டு ஆதாரம் இல்ல. பழைய எழுத்து வடிவம், உள்ளூர் உச்சரிப்பு, எடத்தோட அமைப்பு, இந்த மூணையும் பாருங்க.

கே: நானும் ராஜா கட்சிதான். சரிவு எல்லா ஊர்லயும் இருக்கே?

ப: அதனாலதான் பேரும் அப்படி வைப்பாங்க! பாறையும் எல்லா இடத்துலயும் இருக்கு, ஸ்கெர்னு வைக்காமயா விட்டாங்க?

கே: அப்ப ராஜா வரவே இல்லங்கறீங்களா?

ப: வந்தாரு சார். மூணு பதில் மேல பாருங்க.

கே: கேலிக்ல டாட்டூ போடணும், ஒரு வரி...

ப: கேலிக் பேசுறவங்க யார்ட்டயாவது கேட்டுட்டு குத்துங்க. இங்க ஊர்ப்பேரு மட்டும்தான்.