கேளுங்கோ, சொல்றம்

கேள்வி: அண்ணை, பிரபஞ்சத்துல இருந்த வாயு முழுக்க ஒருக்கா அயனாகிச்சுதாம் எண்டு வாசிச்சன். ஆர் போய்ப் பாத்தது?
- வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: ஆரும் போகேல்ல தங்கச்சி, வெளிச்சம்தான் இங்க வந்து சேருது. பெருவெடிப்பு நடந்து கிட்டத்தட்ட 380,000 வருசத்துல இலத்திரனும் புரோத்தனும் சேந்து ஐதரசன் வாயுவாச்சு, பிறகு முதல் நட்சத்திரங்கள், கலக்சிகள்ட புறஊதா ஒளி அதைத் திரும்ப இலத்திரன் வேற புரோத்தன் வேறயா உடைச்சுது, அதைத்தான் அயனாகிறது எண்டுறது, 100 கோடி வருசமளவுல வேலை முடிஞ்சுது. ராவுல கோணேசர் கோயிலடி மலையில நிண்டு கடலப் பாத்திருப்பீங்கள்தானே, ஒவ்வொரு போட் லைட்டச் சுத்தியும் ஒரு வெளிச்ச வட்டம், போட் கூடக்கூட வட்டமெல்லாம் ஒண்டோடொண்டு முட்டும், அந்தக் காலத்தைக் கொம்பியூட்டர்ல கணக்குப் போட்டுப் பாக்கிற சிமுலேஷன்லயும் அப்பிடித்தான், நட்சத்திரங்களைச் சுத்தி அயனான வாயு குமிழி குமிழியா வளந்து கடைசியா ஒண்டாகுது.

கொம்பியூட்டர் சொன்னாப் போதுமோ? அந்த ஐதரசன் விட்ட 21 செ.மீ. ரேடியோ அலை, பிரபஞ்சம் விரிஞ்சதால 2 மீற்றருக்குக் கிட்ட இழுபட்டுத்தான் வருது, எங்கட எஃப்எம் ரேடியோ ஓடுற பக்கம், அந்த இரைச்சலுக்குப் பயந்துதான் மேற்கு அவுஸ்திரேலியாவுலயும் தென்னாபிரிக்காவுலயும் ஆளில்லாத வெளியில அன்டெனா நட்டிருக்கிறாங்கள். 2021ல ஏவின ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி வேற, எதிர்பாத்ததவிடப் பிரகாசமான பழைய கலக்சிகளைக் காட்டிப்போட்டுது, சிமுலேஷன்காரர் இப்ப கணக்கத் திருத்திக்கொண்டு இருக்கிறாங்கள்.