வர்க்கலால பாராகிளைடிங்: நடுவுல காத்து நின்னுட்டா என்ன ஆகும்?

நாகர்கோவில்லேர்ந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "ஜனவரில மனைவி, காலேஜ் படிக்கிற பொண்ணோட வர்க்கலா போறோம். டேன்டம் பாராகிளைடிங்குக்கு ஒரு ஏஜென்ட் காலைல 8.30 ஸ்லாட் குடுத்திருக்கார். 500 ரூபா அட்வான்ஸ் குடுத்தாச்சு, மூணு பேருக்கும் மீதிப் பணத்த இப்பவே ஜிபே பண்ணச் சொல்றார். மதிய ரயில்ல திரும்பணும். எஞ்சினே இல்லையே, நடுவுல காத்து நின்னுட்டா தொப்புன்னு விழுந்துட மாட்டோமா?"

விழ மாட்டீங்க. டேன்டம்னா பைலட்டும் நீங்களும் ஒரே விங்ல, அதாவது தலைக்கு மேல விரியுற துணி இறக்கைல, சேந்து பறக்கறது. காத்தே இல்லாத நாள்லயும் அந்த விங் முன்னாடி போய்க்கிட்டேதான் இருக்கும், நொடிக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல இறங்கும், அவ்வளவுதான். வர்க்கலா க்ளிஃப், அதான் கடலோரச் செங்குத்துப் பாறை, இடத்துக்கு இடம் உயரம் மாறும், 25, 30 மீட்டர்னு வச்சுக்கோங்க. அதுக்கு மேல ஒரு 20 மீட்டர்ல இருக்கும்போது காத்து செத்துப் போச்சுன்னாக்கூட பீச் மணல்ல வந்து கால் வைக்க அரை நிமிஷத்துக்கு மேல டைம் இருக்கு. கடல்லேர்ந்து வர்ற காத்து செங்குத்துப் பாறைல முட்டி வேற வழியில்லாம மேல ஏறுது, அது ஏறுற வேகம் விங் இறங்குற வேகத்தவிட ஜாஸ்தியா இருக்குற வரைக்கும் க்ளிஃப் ஓரமாவே போயிட்டு வந்துக்கிட்டு இருக்கலாம், இதத்தான் ரிட்ஜ் லிஃப்ட்ங்கறாங்க. கலிஃபோர்னியால சான் டியகோ பக்கம் 1930ல, அட்லாண்டிக்க ஒத்தையா விமானத்துல தாண்டின லிண்ட்பெர்க் எஞ்சின் இல்லாத விமானத்துல கடலோரமா பறந்ததும் இதே கணக்குலதான்.

நீங்க பயப்பட வேண்டியது காத்து நிக்கிறதுக்கு இல்ல, கூடறதுக்கு. டேன்டம் விங்கோட வேகமே மணிக்கு 38 கிலோமீட்டர் சுமார்தான். எதிர்க்காத்து 20ன்னா சுகமா போகும், 35க்கு மேல போச்சுன்னா விங் அந்தரத்துல அப்படியே நிக்கும், இன்னும் ஏறினா பின்னாடி தள்ளும். பின்னாடி என்ன இருக்கு, தென்ன மரம், ரெஸ்டாரன்ட் கூரை, கரண்ட் கம்பி. அது போதாதுன்னு, பாலத்தூணுக்குப் பின்னாடி ஆத்துத் தண்ணி சுழிக்குமே, அந்த மாதிரி க்ளிஃப் விளிம்பத் தாண்டினதும் காத்து சுருண்டு அடிக்கும், அதுல மாட்டின விங் மடங்கிடும், அந்த உயரத்துல ரிசர்வ் பாராசூட்ட வீசினாலும் அது விரிய நேரம் கிடைக்காது. பைலட் ஹிமாச்சல்ல இருக்குற பாராகிளைடிங் இடமான பீர் பில்லிங்ல ரொம்ப வருஷம் பறந்தவர்னு சொல்லுவாங்க, சந்தோஷம், ஆனா அங்க டேக் ஆஃபுக்கும் லேண்டிங்குக்கும் நடுவுல ஏறக்குறைய 900 மீட்டர் உயரம் இருக்கு, ஒண்ணு தப்பானா சரி பண்ண நேரம் இருக்கு, இங்க அது கிடையாது. அதனால கடலோரத்துல எத்தன சீசன் பறந்திருக்கார்னு தனியா கேளுங்க.

ஃபோன் ஆப்ல காட்டுற காத்து வேகத்த மட்டும் நம்பாதீங்க, விளிம்புகிட்ட காத்து நெருக்கப்பட்டு இன்னும் வேகமா வரும். கடலப் பாருங்க. அங்கங்க வெள்ள நுரை தெரிஞ்சா சரி. கண்ணுக்கெட்டின தூரம் பூரா வெள்ளையா கொதிச்சா, யார் என்ன சொன்னாலும் ஏறாதீங்க. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் மழைக்காலம், "மேக்காத்து சூப்பரா அடிக்குது சார்"னு கூப்பிடறவங்கள நம்பாதீங்க.

இப்ப அந்த 8.30 ஸ்லாட். ஜனவரி காலைல அந்தக் கரைல பெரும்பாலும் நெலத்துலேர்ந்து கடலுக்குத்தான் காத்து போகும், அது க்ளிஃப்ல முட்டி ஏறாது, மேலேர்ந்து வழிஞ்சு கீழ இறங்கும். கடல்காத்து ஆரம்பிக்கவே 11 மணி போல ஆகும், நல்லா நிலைச்சு நிக்கிறது 3 மணி, 4 மணி. உங்களுக்கு வித்தது யாரும் வாங்காத ஸ்லாட். ஒண்ணு மதியம் வரைக்கும் வெயில்ல உக்கார வைப்பாங்க, இல்ல குதிச்சு அரை நிமிஷத்துல பீச்ல இறக்கிட்டு "காத்து இல்ல சார், நாங்க என்ன பண்றது"ம்பாங்க, காசு வராது.

முழுப் பணத்த முன்னாடியே வாங்குறதுதான் இதுல எனக்கு ரொம்ப எரிச்சல். ஏஜென்டுக்குக் கமிஷன் நீங்க பறந்தாத்தான். பணம் கட்டிட்டீங்கன்னா காத்து சரியில்லன்னு பைலட் தயங்கும்போது "இவ்ளோ தூரம் வந்துட்டோமே, ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க"ன்னு அவர அமுக்கப்போறது நீங்களேதான், அந்த அமுக்கலத்தான் ஏஜென்ட் விக்கறார். "இன்னிக்கு முடியாது"ன்னு முகத்துக்கு நேரா சொல்ற ஆபரேட்டர் கெடைச்சா அவர்கிட்டயே நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டு வாங்க.

காத்து நின்னா பத்திரமா இறங்கிடலாம்னு சொன்னேன்ல, அதுல ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கு, கொஞ்சம் பொறுமையாப் படிங்க. கீழ பீச் இருக்கணும். வர்க்கலால பீச் அகலம் கம்மி, ஹை டைட்ல, அதாவது கடல் மட்டம் ஏறுற நேரத்துல, சில இடத்துல அலை பாறை அடிவாரம் வரைக்கும் வந்துடும், அப்ப காத்து செத்தா இறங்க மணலே இருக்காது, தண்ணிதான். தண்ணின்னா மெத்துன்னு இருக்கும்னு நெனைக்காதீங்க. ஹார்னஸ்ல முதுகுப்பக்கம் ஸ்பாஞ்ச் இருக்கும், அது மிதந்து உங்கள குப்புறத் தள்ளும், பக்கிள்ஸ் கழட்ட வராது, அதுக்குள்ள விங்குல தண்ணி ரொம்பி ஒவ்வொரு அலையும் இழுக்கும், நீச்சல் தெரிஞ்சாலும் பிரயோஜனமில்ல. அதனால போறதுக்கு முந்தின நாள் டைட் டேபிள், அதான் கடல் ஏறி இறங்குற நேரப் பட்டியல், பாருங்க. உங்க ஸ்லாட் நேரத்துல ஹை டைட் வந்துச்சுன்னா, லேண்டிங் எங்கன்னு பைலட்டக் கேளுங்க, அவர் கைகாட்டுற இடத்துல மணல் இருக்கான்னு உங்க கண்ணால பாருங்க. இல்லன்னா வேண்டாம்.

"அரசாங்க அப்ரூவ்டு"னு போர்டு வச்சிருப்பாங்க. கேரளா அட்வென்ச்சர் டூரிசம் ப்ரமோஷன் சொசைட்டியோட சான்றிதழக் காட்டச் சொல்லுங்க, தேதியும் பாருங்க. 2023 மார்ச்ல வர்க்கலா பாபநாசம் பீச்ல ஒரு டேன்டம் ஹைமாஸ்ட் விளக்குக் கம்பத்துல மாட்டி ரெண்டு பேரு ஒரு மணி நேரத்துக்கு மேல தொங்கினாங்க, அதுக்கப்புறம்தான் அனுமதி இருந்துச்சா, யார் குடுத்தாங்கன்னெல்லாம் பேச்சே வந்துச்சு. எப்பவும் இதே கதைதான். ஹிமாச்சல்ல 2004லயே இதுக்குன்னு விதி போட்டாங்க, மத்த பல இடத்துல டூரிசம் ஒரு பக்கம், உள்ளாட்சி ஒரு பக்கம், போலீஸ் ஒரு பக்கம்னு பந்த உருட்டிக்கிட்டு இருக்காங்க, நடுவுல ஃபாரத்துல கையெழுத்துப் போடறது நீங்க.

மீதிப் பணத்த அனுப்பாதீங்க. ரிட்டர்ன் டிக்கெட்ட ராத்திரி வண்டிக்கு மாத்த முடிஞ்சா மாத்திட்டு, மதியத்துக்கு மேல நேரா க்ளிஃப்புக்குப் போய் நாலு விங் பறக்குறதப் பாத்துட்டு அங்கயே பேசி முடிங்க. டிக்கெட் மாத்த முடியலன்னா 500 ரூபா போனது போகட்டும், ஜனார்த்தன சுவாமி கோயிலுக்குப் போயிட்டு க்ளிஃப்ல டீ குடிச்சுட்டு வண்டி ஏறுங்க.