ஷார்ஜா பயணமும் முந்திரிக்கொத்துப் பெட்டியும்

கேள்வி: மார்த்தாண்டத்தை அடுத்த சிற்றூரில் வசிக்கிறேன். கணவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறைக்கு, ஒன்பதும் நான்கும் வயதான இரு பிள்ளைகளையும் எழுபது வயது மாமியாரையும் அழைத்துக்கொண்டு விசிட் விசாவில் அங்கே செல்கிறேன். டிசம்பர் 22 ஆம் தேதி இரவு 2.10 மணிக்குத் திருவனந்தபுரத்தில் விமானம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பயணத்தில் பாலராமபுரத்தில் வண்டி நகரவில்லை. கவுண்டரில் எடை கூடிப் பெட்டியைத் தரையில் பிரித்துப் போட்டோம். மாமியாருக்குப் படபடப்பு வந்துவிட்டது. சின்னவன் விமானம் இறங்கும்போது காதைப் பிடித்துக்கொண்டு அழுதான். இம்முறை மாலை ஆறு மணிக்கே வீட்டிலிருந்து கிளம்பிவிடலாமா?

பதில்:

அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் நின்றது "22 ஆம் தேதி இரவு 2.10" என்ற இடத்தில்தான். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கே தேதி மாறிவிடுவதால், 22 ஆம் தேதி 2.10 என்று டிக்கெட்டில் இருந்தால் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 21 ஆம் தேதி இரவு. வளைகுடா விமானங்கள் பலவும் நள்ளிரவை ஒட்டிப் புறப்படுவதால், ஒரு நாள் தாமதமாக வந்து நிற்கும் குடும்பங்களைப் பற்றி நம் பக்கத்தில் ஆண்டுதோறும் கேள்விப்படுகிறோம். உங்கள் வீட்டு நாட்காட்டியில் 21 ஆம் தேதியையும், பயண வண்டிக்காரரிடம் "21 ஆம் தேதி இரவு ஒன்பதரை" என்பதையும் இன்றே குறித்துவிடுங்கள்.

மாலை ஆறு மணிக்கே கிளம்புவது நல்லதல்ல என்பது என் கருத்து. வெளிநாட்டு விமானங்களுக்குக் கவுண்டர் பொதுவாக மூன்று மணி நேரத்துக்கு முன் திறந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன் மூடப்படுகிறது. ஆகவே இரவு பதினொன்றுக்கு முன் போய்ச் சேர்ந்தாலும் உங்கள் பெட்டியை வாங்க ஆளிருக்க மாட்டார்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நான்கு வயதுப் பிள்ளையையும் முதியவரையும் நாற்காலியில் உட்கார்த்தி வைத்துக் காத்திருக்கும் அந்த வெற்று நேரமே களைப்பைக் கூட்டும். அதற்கு மாறாக, அன்று மதியம் எல்லோரும் இரண்டு மணி நேரம் தூங்கி, வீட்டிலேயே சாப்பிட்டு, ஒன்பதரைக்குக் கிளம்புங்கள்.

சாலையைப் பொறுத்தவரை, கிறிஸ்துமஸ் வாரத்தில் மார்த்தாண்டம் கடைவீதியிலும் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் பழைய சாலையிலும் இரவிலும் கூட்டம் குறையாது. போதாக்குறைக்கு சபரிமலை சென்று கன்னியாகுமரிக்கு வரும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும் இந்த மாதத்தில் அதே வழியில்தான் ஓடுகின்றன. களியக்காவிளை எல்லையை ஒட்டிய காரோட்டில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 66இன் புறவழிச்சாலையில் ஏறிவிட்டால், பாலராமபுரத்தையும் நகரத்தையும் தொடாமல், திருவல்லம், ஈஞ்சக்கல் வழியாகச் சாக்கைக்குப் போய்விடலாம். ஓட்டுநரிடம் "ஏர்போர்ட்" என்று மட்டும் சொல்லாதீர்கள். திருவனந்தபுரத்தில் முதல் டெர்மினல் கடற்கரை ஓரமாகச் சங்குமுகத்தில் இருக்கிறது. வெளிநாட்டு விமானங்களுக்கான இரண்டாவது டெர்மினல் ஓடுபாதையின் மறுபுறம் சாக்கையில் இருக்கிறது. பழைய ஓட்டுநர்கள் பழக்கத்தில் சங்குமுகத்துக்கு விட்டுவிட்டால் ஓடுபாதையைச் சுற்றி வர வேண்டியிருக்கும்.

இந்த ஓடுபாதையைப் பற்றி ஒரு செய்தி. பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம் (சுவாமியைக் கடலில் நீராட்ட எடுத்துச் செல்வது) ஆண்டுக்கு இருமுறை, ஐப்பசியிலும் பங்குனியிலும், இதைக் கடந்து சங்குமுகம் கடலுக்குச் செல்கிறது; அந்த மாலைகளில் சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்பட்டு, நேரங்கள் முன்பின்னாக மாற்றப்படுகின்றன. டிசம்பரில் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை என்றாலும், தீபாவளியை ஒட்டியோ முழுஆண்டுத் தேர்வுக் காலத்திலோ டிக்கெட் எடுக்கும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி பெட்டிக்கு வருவோம். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் ஏத்தங்காய் சிப்ஸும் இல்லாமல் நம் ஊர்ப் பெட்டி ஒன்றும் கடல் கடப்பதில்லை. அதை நான் தடுக்கப் போவதும் இல்லை. கட்டிய பெட்டியை இரண்டு நாட்களுக்கு முன்பே எடை போடுங்கள். வீட்டில் தராசு இல்லாவிட்டால், ரப்பர் ஷீட் எடுக்கும் கடைக்காரரிடம் கேட்டால் மறுக்க மாட்டார். டிக்கெட்டில் எழுதியுள்ள எடைக்கு ஒரு கிலோ குறைவாகவே நிறுத்துங்கள். கூடுதல் எடை தேவை என்றால் முன்கூட்டியே இணையத்தில் வாங்குவது, கவுண்டரில் கட்டுவதைவிடப் பொதுவாக மலிவு. கையில் எடுத்துச் செல்லும் பை பெரும்பாலும் ஆளுக்கு ஒன்று, 7 கிலோ. தேன், ஊறுகாய், தேங்காய் எண்ணெய் ஆகியவை 100 மில்லிலிட்டருக்கு மேல் இருந்தால் கைப்பையில் அனுமதியில்லை. இறுக மூடிப் பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள். கொப்பரைத் தேங்காயை எந்தப் பெட்டியிலும் வைக்காதீர்கள். எண்ணெய்ப் பசையால் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள் என்பதால் அது தடை செய்யப்பட்டிருக்கிறது. என் உறவினர் ஒருவர் ஆசையாகக் கட்டி எடுத்துப் போன இரண்டு கிலோ கொப்பரையை ஸ்கேனர் அருகிலேயே விட்டுவிட்டு வந்த கதையை இன்றும் வருத்தத்தோடு சொல்வார். பவர் பேங்க் இதற்கு நேர்மாறானது: கைப்பையில் மட்டுமே இருக்க வேண்டும், பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது கசகசா. நம் அடுக்களையில் குருமாவுக்கு அரைக்கும் சாதாரணப் பொருள் அது. ஐக்கிய அரபு அமீரகத்திலோ போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வருகிறது. தனியாகக் கட்டிய பொட்டலம் மட்டுமல்ல, அதைச் சேர்த்து வீட்டில் அரைத்த மசாலைப் பொடியும் வேண்டாம். அங்கே யாருக்காவது கொடுக்கச் சொல்லி அண்டை வீட்டார் அன்போடு உங்களிடமோ மாமியாரிடமோ தரும் பொட்டலங்களையும், உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். மனம் நோகுமே என்று தயங்க வேண்டியதில்லை. அங்கே பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். மாமியாரின் மாத்திரைகளை, மருத்துவரின் சீட்டோடும் மூல அட்டையோடும் கைப்பையில் வையுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தும் டிரமடால் போன்ற வலிநிவாரணிகளும் அங்கே முன்அனுமதி தேவைப்படுபவை என்பதால், அவருடைய மருந்துப் பட்டியலை ஒருமுறை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டுகளை இன்றிரவே எடுத்துப் பாருங்கள். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பாஸ்போர்ட் 5 ஆண்டுகளுக்கே செல்லும். பெரியவர்களுடையதைப் போல 10 ஆண்டு என்று நினைத்துப் பலரும் ஏமாறுகிறார்கள். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது மீதமிருக்க வேண்டும். தமிழர்களாகிய நமக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பாஸ்போர்ட்டில் சர்நேம் பகுதி வெறுமையாகி, ஒரே சொல்லாகப் பெயர் இருப்பவர்கள் விசிட் விசாவில் நுழைய முடியாது என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது; பின்பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ அச்சாகியிருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு விளக்கமும் வந்தது. முதியவர்களின் பாஸ்போர்ட்டில்தான் பெரும்பாலும் ஒற்றைப் பெயர் இருக்கும். மாமியாருடையதைப் பார்த்து, ஐயமிருந்தால் விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய படபடப்புக்கு நீண்ட வரிசையும் அவசர நடையும் காரணமாக இருந்திருக்கலாம். சக்கர நாற்காலி உதவியைப் புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். "நான் என்ன நோயாளியா" என்று அவர் மறுத்தால், நடக்கிற தூரத்தைச் சொல்லிப் புரியவையுங்கள். வழியனுப்ப ஒரு வேன் நிறைய உறவினர் வருவது நம் ஊர் வழக்கம் என்றாலும், பயணச்சீட்டில்லாதவர்கள் வாசலோடு நிற்க வேண்டியவர்களே. வாசலில் நடக்கும் அழுகையும் ஆசீர்வாதமும் அவரை இன்னும் கலங்க வைக்கும். விடைபெறுதலை வீட்டு முற்றத்திலேயே முடித்துக்கொள்வது அவருக்கும் நல்லது.

விமானம் தாமதமானால், நம் நாட்டு விதிப்படி, இரண்டரை முதல் ஐந்து மணி நேரம் வரை பறக்கும் விமானங்களுக்குத் தாமதம் மூன்று மணி நேரத்தை எட்டும்போது நிறுவனம் உணவு தர வேண்டும். ஷார்ஜா ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம் என்பதால் உங்களுடையது இந்த வகையில் சேரும். தயங்காமல் கேளுங்கள், ஆயினும் பிள்ளைகளுக்கு இட்லிப் பொட்டலம் ஒன்று கையில் இருக்கட்டும்.

சின்னவனின் காது வலிக்குக் காரணம், விமானம் கீழிறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதும், செவிக்குள் உள்ள அழுத்தம் அதற்கு ஈடுகொடுக்கச் சற்று நேரம் எடுப்பதுமே. விழுங்கும்போது, மூக்கின் பின்புறத்தையும் செவியையும் இணைக்கும் சிறு குழாய் திறந்து அழுத்தம் சமமாகும். தூங்கும் குழந்தை அவ்வளவாக விழுங்குவதில்லை. ஆகவே, அவன் எவ்வளவு அயர்ந்து தூங்கினாலும், இறங்கப் போகிறோம் என்ற அறிவிப்பு வந்தவுடன் எழுப்பி உட்கார வைத்து, தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். அந்த வாரத்தில் அவனுக்குச் சளி கட்டியிருந்தால், கிளம்புவதற்கு முன் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.