புரோட்டீன்னா வெறும் சத்து மட்டும்தானா? அதோட வடிவம் ஏன் முக்கியம்னு சொல்றாங்க?

வெறும் சத்து இல்லங்க. ஆக்ஸிஜன தூக்கிட்டுப் போறது, சோத்த செரிக்க வைக்கறது, தசைய இழுக்கறது, கிருமிய மடக்கறது எல்லாத்துலயும் புரோட்டீன் இருக்கு. 20 வகை அமினோ ஆசிட் வரிசையா கோத்தா ஒரு நீள செயின், அது மடிஞ்சு ஒரு வடிவத்துக்கு வரும், தண்ணி ஆகாத அமினோ ஆசிட் பெரும்பாலும் உள்ள ஒளிஞ்சுக்கும், தண்ணியோட ஒத்துப்போறது வெளிய நிக்கும். முட்டைய வேக வெச்சா வெள்ளை கெட்டியாகுதே, அங்க வரிசை அப்படியேதான் இருக்கு, மடிப்புதான் கலைஞ்சு போச்சு.

நான் பெங்களூருல ஒரு லேப்ல டெக்னீஷியன். ஒரு புரோட்டீன் மாறினா என்ன ஆகும்னு சிக்கிள் செல்லுங்கற பரம்பரை ரத்த வியாதில பாக்கலாம். அந்த டெஸ்ட்டுக்கு ஒரு சொட்டு ரத்தத்துல, ஆக்ஸிஜன குறைக்கற சோடியம் மெட்டாபைசல்பைட்ங்கற கெமிக்கல கலந்து, கவர் ஸ்லிப் போட்டு, ஓரத்த நெயில் பாலிஷ் வெச்சு அடைச்சிடுவோம். உள்ள ஆக்ஸிஜன் குறைய குறைய, ரவுண்டா இருந்த சிவப்பணு நீண்டு கூராகி அருவா மாதிரி வளையறத மைக்ராஸ்கோப்புல பாக்கலாம். காரணம் என்னன்னா சிவப்பணுல ஆக்ஸிஜன தூக்கிட்டுப் போற புரோட்டீன் ஹீமோகுளோபின், அதோட பீட்டாங்கற செயின்ல 146 அமினோ ஆசிட், அதுல 6வது இடத்துல குளூட்டாமிக் ஆசிட் இருக்கணும், அங்க வேலின் வந்து உக்காந்துடுச்சு, அவ்ளோதான். தண்ணி ஆகாத அந்த வேலின் வெளிப்பக்கமா நிக்குது, ஆக்ஸிஜன் போனதும் பக்கத்து ஹீமோகுளோபின்ல ஒரு பள்ளத்துல போய் ஒட்டிக்குது, அது அடுத்ததோட, இப்படியே நார் நாரா வளந்து செல்லையே வளைச்சிடுது. அது சின்ன ரத்தக்குழாய்ல அடைச்சா உயிர் போற வலி. ஆப்பிரிக்கா வியாதின்னு ஒதுக்கிடாதீங்க, நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்ட இது இருக்குன்னு 1952லயே கண்டுபிடிச்சிட்டாங்க.

இந்த மடிப்பும் இஷ்டத்துக்கு வராது. செயின் எந்தெந்த கோணத்துல திரும்பலாம், எங்க அணுவும் அணுவும் இடிச்சுக்கும்னு 1963ல மெட்ராஸ் யுனிவர்சிட்டில இருந்து கணக்கு போட்டு படமாவே குடுத்தவங்க ஜி.என்.ராமச்சந்திரனும் கூட இருந்த ராமகிருஷ்ணன், சசிசேகரனும். இன்னிக்கும் எந்த நாட்டுல புது புரோட்டீன் வடிவம் கண்டுபிடிச்சாலும் அந்த படத்துல, அதாவது ராமச்சந்திரன் பிளாட்ல வெச்சு சரிபாக்கறாங்க. பின்னாடி ராமச்சந்திரன் இங்க பெங்களூரு ஐஐஎஸ்சிக்கு (இந்திய அறிவியல் கழகம்) வந்து மாலிக்குலர் பயோஃபிசிக்ஸ் யூனிட்ட ஆரம்பிச்சார். யஷ்வந்த்பூர் பக்கம் போகும்போது அந்த கேம்பஸ் மதில பாத்தாலே எனக்கு பெருமையா இருக்கும், அவருக்கு நோபல் குடுக்காதது ஞாயமே இல்ல.

தோலுக்கும் எலும்புக்கும் பலம் குடுக்கற புரோட்டீனான கொலாஜன்ல மூணு செயின் முறுக்கிக்கிட்டு இருக்குன்னு சொன்னதும் அவர்தான், கோபிநாத் கர்த்தாவோட சேந்து, 1954ல. இப்ப தோலுக்கு நல்லதுன்னு கொலாஜன் பவுடர் வாங்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன், வயித்துக்குள்ள போனதும் அந்த முறுக்கு உடைஞ்சு அமினோ ஆசிட்டும் துண்டு துண்டு பெப்டைடுமா (சின்ன அமினோ ஆசிட் செயின்)தான் ரத்தத்துக்கு போகும், கொலாஜனாவே போய் தோல்ல உக்காராது. உடம்பு அத புதுசா செய்யணும், அந்த முறுக்கு கெட்டியா நிக்க வைட்டமின் சி வேணும், நெல்லிக்காய் கொய்யால தாராளமா இருக்கு. அது சுத்தமா கிடைக்காம போனா வர்றதுதான் ஸ்கர்வி, ஈறு வீங்கி ரத்தம் கசியும்.