உப்பு குறைந்ததா, பிட்யூட்டரி கைவிட்டதா?

கேள்வி: அம்மாவுக்கு 51 வயது. காய்ச்சல், வாந்தி என்று ஆரம்பித்து, எழுப்பினால்கூடச் சரியாகப் பேசவில்லை. சோடியம் 112-க்கு இறங்கிவிட்டது என்று உப்பு ஏற்றி அனுப்பினார்கள். இது இரண்டாவது முறை. இப்போது வேறொரு டாக்டர் பிட்யூட்டரி சுருங்கிவிட்டது என்று ஸ்டீராய்டு மாத்திரை எழுதியிருக்கிறார். கொடுக்கப் பயமாக இருக்கிறது.
– வாசகி, தென்காசி

பதில்: தாராளமாகக் கொடுங்கள். மூளைக்கு அடியில் இருந்துகொண்டு மற்ற சுரப்பிகளை வேலை வாங்குவது பிட்யூட்டரி. அது கைவிட்டால், உடம்பு தானே சுரக்க வேண்டிய கார்டிசால் என்ற ஹார்மோன் குறைகிறது. அதைத்தான் இந்த மாத்திரை ஈடுகட்டுகிறது, ஜிம் பையன்கள் போட்டுக்கொள்ளும் சமாச்சாரம் வேறு.

அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனதா, அப்புறம் பால் சுரந்ததா, மாதவிடாய் திரும்பி வந்ததா? கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெரிதாகிறது, அந்த நேரத்தில் ரத்தப்போக்கு அதிகமானால் ரத்தம் கிடைக்காமல் செத்துப்போகிறது. 1937-லேயே ஷீஹான் என்ற மருத்துவர் எழுதிவைத்த விஷயம்தான். ஆனாலும் 'உடம்பு அசதி, வயசாகிறது' என்றே பல வருஷம் ஓடிவிடும், ஒரு காய்ச்சல் வந்து கார்டிசால் கூடுதலாகத் தேவைப்படும்போதுதான் ரத்த அழுத்தம், சர்க்கரை, சோடியம் எல்லாம் ஒருசேர இறங்கி ஆளைச் சாய்க்கும். (நம் பக்கத்துக் கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களில் சிலருக்கும் இதே சுரப்பி பழுதாவதுண்டு.)

அப்படிச் சாய்ந்தால் சலைனோடு ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி உடனே போட வேண்டும். கார்டிசால் பார்க்க ரத்தம் எடுத்துக்கொள்ளலாம், ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. தைராய்டும் குறைந்திருக்கலாம். தைராய்டை இயக்கப் பிட்யூட்டரி சுரக்கும் டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் நார்மல் என்றே காட்டலாம், தைராய்டே சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4-உம் பாருங்கள். ஆனால் முதலில் ஸ்டீராய்டு, அப்புறம்தான் தைராய்டு மாத்திரை. மாற்றிக் கொடுத்தால் ஆபத்து.

மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. காய்ச்சல் நாட்களில் அளவை இரட்டிப்பாக்கச் சொல்வோம், உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாந்தியில் மாத்திரை தங்கவில்லையென்றால் ஊசிதான், ராத்திரியானாலும் கிளம்புங்கள்.

கேள்வி: தம்பிக்குப் பிட்யூட்டரியில் சின்னக் கட்டி. எப்போது பதற வேண்டும்?
– வாசகர், ஈரோடு

பதில்: இடி விழுந்தாற்போல் திடீர்த் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், உருவம் இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது. கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். சி.டி. ஸ்கேனில் தப்பிவிடலாம் என்பதால் கட்டி இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள், இல்லையென்றால் ஒற்றைத் தலைவலி என்று அனுப்பிவிடுவார்கள். எம்.ஆர்.ஐ. தேவை. இங்கேயும் முதலில் ஸ்டீராய்டு ஊசி. பார்வை இறங்கிக்கொண்டே போனால் மூக்கு வழியாக அறுவை சிகிச்சை, அதையும் தள்ளிப்போடாமல் செய்தால்தான் பார்வை திரும்ப வாய்ப்பு அதிகம்.