அந்த 185 செ.மீ. பலகை இப்போது வேண்டாம்

தம்பி, குளிர்காலத்தில் பொத்துவிலில் இருந்து சுவிசுக்கு அக்கா வீட்டுக்குப் போகிறேன், அல்பைன் ஸ்னோபோர்ட் (கடினச் சப்பாத்துப் போட்டு, பலகையை விளிம்பில் சரித்து வளைந்து வளைந்து பனியில் சறுக்குவது) பழக ஆசை, பழைய 185 செ.மீ. பந்தயப் பலகை மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது வேகத்துக்கென்றே செய்தது, புதிதாகப் பழகுகிறவரின் சொல் கேட்காது. 160 செ.மீ. அளவில், பக்க விளிம்பின் வளைவு ஆரம் 10, 11 மீற்றர் உள்ளதாகத் தேடுங்கள்.

காசை முதலில் சப்பாத்தில் போடுங்கள். கடினச் சப்பாத்தின் பிளாஸ்டிக் பழசானால் குளிரில் வெடித்துவிடும். கொக்கிகளைச் சுற்றி மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இருந்தால் சும்மா தந்தாலும் எடுக்காதீர்கள். பலகையின் இரும்பு விளிம்பில் மேலோட்டமான துரு என்றால் பரவாயில்லை, தீட்டலாம். விளிம்பே பிரிந்திருந்தால் விடுங்கள். சப்பாத்து நுனி பலகைக்கு வெளியே நீட்டக்கூடாது, சரியும்போது பனியில் உரசி ஆளைத் தூக்கி எறியும். சப்பாத்தைப் பலகையோடு பிடிக்கும் பைண்டிங்கை இன்னும் முன்பக்கமாகத் திருப்பினால் சரி, 55, 60 பாகை இதில் வழக்கம்தான்.

அறுகம்பேயில் சர்ஃப் செய்கிறவருக்கு எந்தக் கால் முன்னால் என்ற குழப்பம் இல்லை, அது பெரிய விஷயம். இருந்தாலும் முதல் இரண்டு நாளும் சாதாரணப் பலகையை வாடகைக்கு எடுங்கள். தலைக்கவசம் மட்டும் புதிதாக வாங்குங்கள்.

அப்புறம், அக்காவை புரொக்கி என்கிற பழைய பொருள் கடைகளிலும் ரிக்கார்டோ என்கிற இணையச் சந்தையிலும் இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். பனி விழத் தொடங்கினால் விலை ஏறிவிடும்.