வாசகர் கேள்வி – பதில்: வேலை கைமாறும் இடம்

கேள்வி: ஐயா, தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து முடித்து, தலவாக்கலைப் பக்கமுள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உதவி டீமேக்கராக (தூள் தயாரிப்புக்குப் பொறுப்பானவரின் உதவியாளராக)ச் சேர்ந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. என்னோடு இரவு வேலையில் நிற்பவர்களில் அநேகர் என் தந்தையின் வயதை ஒத்தவர்கள். கடந்த வாரம் ஒரு தொட்டியில் கொழுந்து போதிய அளவு வாடவில்லை என்று எனக்குத் தோன்றியது. புதிதாக வந்தவன் ஏன் வாய் திறக்க வேண்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். விடிந்ததும் டீமேக்கர் வாட்டல் மாடியில் வேலை செய்யும் அண்ணனைக் கடுமையாகக் கண்டித்தார். அருகில் நின்றும் நான் எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த அண்ணனும் அவரோடு இருப்பவர்களும் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இவர்களோடு ஒன்றுபட்டு வேலை செய்ய நான் என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தலவாக்கலை

பதில்: தம்பி, முதலில் அந்த அண்ணனிடம் செல்லுங்கள். நான் சொல்லப்போகும் மற்ற எதுவும் அதற்குப் பிறகுதான் பயன்படும். அவரைத் தனியே கண்டு, “அண்ணே, அன்றிரவு அந்தத் தொட்டியில் ஈரம் கூடுதலாக இருந்தது எனக்கும் தெரிந்தது, சொல்லாமல் விட்டது என் பிழை” என்று கூறுங்கள். அதன் பிறகு டீமேக்கரிடமும் இதே சொற்களைச் சொல்லுங்கள். இந்த இரண்டாவது காரியம் கடினமானது என்பதை அறிவேன். ஆனால் அண்ணனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர்மீது முழுவதுமாக விழுந்த குற்றத்தை மேலிடத்தில் அப்படியே கிடக்க விட்டால், அவருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

நீங்கள் அறிந்ததையே மற்ற வாசகர்களுக்காக இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்கிற்கு மேல் நீர்தான். ஒரு கிலோ தூள் கிடைக்க நாலரைக் கிலோ அளவில் கொழுந்து வேண்டும். அந்த நீரில் ஒரு பகுதியைத் தொட்டிகளில் காற்று செலுத்தி, ஏறத்தாழ 12 முதல் 18 மணி நேரம் வரை மெதுவாக இறக்குவதே வாட்டல். போதிய அளவு வாடாத கொழுந்து, இலையை உருட்டி நசுக்கும் ரோலருக்குப் போனால் சாறு பிழிந்து ஓடிவிடும், தூள் கட்டிபடும், தேநீரில் சாரம் இருக்காது. அளவுக்கு மேல் வாடினாலோ இலை சுருளாமல் நொறுங்கிவிடும். உருட்டி இலை நசுங்கியவுடன் நிறமும் மணமும் மாறத் தொடங்கும். அந்த மாற்றத்தை டிரையரின் சூட்டில் நிறுத்தலாமே ஒழியப் பின்னோக்கித் திருப்ப முடியாது. ஆகவே வாட்டல் மாடியில் நேர்ந்த பிழையை ரோலர் அறையிலோ சல்லடையிலோ எவரும் திருத்த இயலாது. அதைத் திருத்தக்கூடிய ஒரே நேரம், கொழுந்து ஒருவர் பொறுப்பிலிருந்து இன்னொருவர் பொறுப்புக்குக் கைமாறுகின்ற அந்தச் சில நிமிடங்கள்தான். நீங்கள் மௌனமாக நின்றது சரியாக அந்த இடத்தில்.

ஒரு குழு நல்ல குழுவா இல்லையா என்பதை அது ஒன்றாகத் தேநீர் குடிப்பதைப் பார்த்து நான் முடிவு செய்வதில்லை. வேலை கைமாறும் போது என்ன சொல்லப்படுகிறது, எது விடுபடுகிறது என்பதையே கவனிப்பேன். எந்தத் தொட்டி எத்தனை மணிக்கு நிரப்பப்பட்டது, தோட்டத்தின் எந்த டிவிஷன் (பிரிவு) கொழுந்து, மழையில் நனைந்து வந்ததா, சூடான காற்று எவ்வளவு நேரம் விடப்பட்டது, எது பற்றிச் சந்தேகம் இருக்கிறது ஆகிய ஐந்தையும் ஒரு கொப்பியில் எழுதி, அடுத்தவரிடம் வாயாலும் சொல்லிவிட்டுப் போகும் பழக்கத்தை நீங்கள் தொடங்கலாம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். இதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. உங்கள் பங்கை நீங்கள் ஒழுங்காகச் செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். இளவயதில் ஒரு தொழிற்சாலையில் உங்களைப் போன்ற பொறுப்பில் சேர்ந்தபோது, ஈரக்குமிழ் உலர்குமிழ் வெப்பமானியைப் பார்த்துக் காற்றின் ஈரத்தைக் கணிக்கக் கற்றிருந்தேன். ஒரு நாள் அதிகாலையில் வாட்டல் மாடியிலிருந்த முதியவர் ஒருவர் ஒரு பிடிக் கொழுந்தை உள்ளங்கையில் வைத்து இறுக்கி, கையை விரித்துக் காட்டி, “ஐயா, இன்னும் விரிந்து எழும்புகிறது, ஒரு மணி நேரம் போகட்டும்” என்றார். நன்றாக வாடிய கொழுந்து பிடித்த உருண்டையாகவே சற்று நேரம் இருக்கும் என்பதை அன்று நான் அறியவில்லை. வெப்பமானி சரியாகக் காட்டுகிறது என்று பதில் சொல்லி, கொழுந்தை இறக்கச் செய்தேன். ரோலரின் அடியில் சாறு வடிந்து தரையில் ஓடியதை இன்றும் மறக்கவில்லை. மறுநாள் அவரிடம் சென்று, கையால் எப்படிப் பார்ப்பது என்று கற்றுத்தருமாறு கேட்டேன். அதுவரை “சரிங்க ஐயா” என்பதைத் தவிர என்னிடம் எதுவும் பேசாத அவர், அரை மணி நேரம் தொட்டி தொட்டியாக அழைத்துச் சென்று காட்டினார். நான் வெப்பமானியைக் கைவிடவில்லை. கருவி காற்றைச் சொன்னது, அவர் கை இலையைச் சொன்னது, எங்களுக்கு இரண்டும் வேண்டியிருந்தன.

உங்கள் படிப்பை மறைத்துக்கொள்ளவும் வேண்டாம், அதை முன்னால் நீட்டவும் வேண்டாம். முதல் மூன்று மாதங்களில் உங்கள் வேலை நேரத்திற்கு வெளியே சிறிது நேரம் ஒதுக்கி, கொழுந்து நிறுக்கும் இடத்திலிருந்து தூள் மூட்டை கட்டும் இடம் வரை ஒவ்வோர் இடத்திலும் நின்று பாருங்கள். அங்கே நிற்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “உங்களுக்கு முந்திய இடத்தில் எது சரியாக நடந்தால் உங்கள் வேலை இலகுவாகும்?” முறைகளை மாற்றும் யோசனைகள் உங்களிடம் இருக்கும், அவற்றை இப்போதைக்கு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வழக்கம் ஏன் வந்தது என்று அறியும் முன்னரே அதை மாற்றச் சொல்பவரை எவரும் விரும்புவதில்லை. ஆனால் ஆட்களின் பாதுகாப்பும் தூளின் தரமும் கெடும் எந்த விடயத்திற்கும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது; அவற்றை முதல் நாளிலேயே சொல்லலாம், சொல்ல வேண்டும். சொல்லும்போது தீர்ப்பாகச் சொல்லாமல், “அண்ணே, எனக்கு இந்த ஆறாம் தொட்டி சந்தேகமாக இருக்கிறது, நீங்கள் ஒரு தடவை கை வைத்துப் பார்க்கிறீர்களா?” என்று கேளுங்கள். உங்களுக்குச் சந்தேகம்தானே இருந்தது? அதையே சொல்வது நேர்மையும் ஆகும்.

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கும் பிரிவுகளில் பிழைகள் குறைவாக இருக்கும் என்பதே அவருடைய எதிர்பார்ப்பு. பதிவான பிழைகளோ அங்கேதான் கூடுதலாக இருந்தன. அந்தப் பிரிவுகளில் இருந்தவர்கள் தங்கள் பிழையை மறைக்காமல் வெளியே சொன்னார்கள் என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். நமது மலையகத்தில் இது எளிதில் வரும் பழக்கமன்று. 1867இல் கண்டிப் பக்கமுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் வணிக அளவில் தேயிலை பயிரிட்ட காலத்திலிருந்து, துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று மேலிருந்து கீழே கட்டளை இறங்கியதே தோட்டத்தின் வழக்கம். கீழிருந்து மேலே சொல் ஏறினால் அதற்குத் தண்டனை இருந்தது. உங்களோடு வேலை செய்யும் பெரியவர்கள் அந்தப் பயத்தைத் தங்கள் தந்தையரிடமிருந்து பெற்றிருப்பார்கள். ஒரு பிழையை முதலில் ஒப்புக்கொள்பவர் உத்தியோகத்தரான நீங்களாக இருந்தால், அவர்கள் அதை எத்தனை கூர்மையாகக் கவனிப்பார்கள் என்பதைப் பார்ப்பீர்கள். ஆனால் நான்கு நாட்களில் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பேசாமல் போனவர்கள் மீண்டும் பேச மாதங்கள் ஆகலாம்.

கேள்வி: பதுளை மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக நியமனம் பெற்றுள்ளேன். கூட்டங்கள் முழுவதும் சிங்களத்தில் நடக்கின்றன. எனக்கு விளங்குகிறது, பேசத் தொடங்கினால் தடுமாறுகிறது. இதனால் யோசனை இருந்தும் பேசாமல் இருக்கிறேன். அதே சமயம் தமிழில் வரும் கடிதங்கள் எல்லாம் என் மேசைக்கே வருகின்றன. குழுவில் நான் இருக்கிறேனா என்றே சந்தேகமாக இருக்கிறது.
– வாசகி, பண்டாரவளை

பதில்: தங்கச்சி, இங்கே ஒன்றோடொன்று சேர்த்துக் குழப்பக்கூடாத இரண்டு விடயங்கள் உள்ளன. 1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் ஓர் அரசகரும மொழி. ஆகவே சிங்களத்தில் தடுமாறுவதற்காக நீங்கள் தலை குனிய வேண்டியதில்லை. அதே வேளை, பக்கத்து மேசையில் இருப்பவரின் மொழியில் சரளமாகப் பேசுவது உங்கள் வேலைக்கு உதவும். அதைக் கற்பது உரிமையை விட்டுக்கொடுப்பதாகாது.

கூட்டத்திற்கு முதல் நாள் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கருத்துச் சொல்ல வேண்டிய ஒரு விடயத்தை மட்டும் தெரிவு செய்து, அதை மூன்று சிங்கள வசனங்களில் எழுதி, நம்பிக்கையான சக ஊழியர் ஒருவரிடம் திருத்தித் தரும்படி கேளுங்கள். இதில் உங்களுக்கு ஒரு துணையும் கிடைக்கும். உங்கள் கருத்தை முன்கூட்டியே அறிந்த ஒருவர் கூட்டத்தில் இருப்பார். லயத்து வீட்டு முகவரியால் கடிதம் கைசேராமல் போவது, பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து மாறியதால் அடையாள அட்டை தாமதமாவது போன்றவற்றை அந்த மேசையில் உங்களைவிட நன்றாக அறிந்தவர் ஒருவேளை இருக்கமாட்டார். அந்த அறிவே நீங்கள் முதலில் கொண்டுவரக்கூடிய பங்களிப்பு.

தமிழ்க் கடிதங்களைப் பற்றி எனக்குக் கவலை இருக்கிறது. மொழிபெயர்ப்பு என்பது வேலை. அது வேலையாகக் கணக்கில் வர வேண்டும். ஒரு மாதம் எத்தனை கடிதங்கள், எத்தனை மணி நேரம் என்று குறித்து வைத்து, அதைக் காட்டி, உங்கள் கடமைப் பட்டியலில் எழுத்தில் சேர்க்குமாறும், மற்றப் பொறுப்புகளில் ஒன்றைக் குறைக்குமாறும் மேலதிகாரியிடம் கேளுங்கள். குறைகூறலாக அன்றி, கணக்காகக் கேளுங்கள்.

கேள்வி: நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் புதிதாகச் சேர்ந்தேன். நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் உதவினேன். இப்போது ஏப்ரல் சீசனில் மற்றவர்கள் தங்கள் மேசைகளையும் என்னிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். மறுத்தால் கர்வம் என்பார்களோ?
– வாசகர், நானுஓயா

பதில்: கயிறு இழுப்பவர்களின் தொகை கூடக்கூட ஒவ்வொருவரும் இழுக்கும் பலம் குறைவதைப் பிரான்சு நாட்டின் ரிங்கல்மன் அளந்து 1913இல் வெளியிட்டார். யாருடைய பங்கு எது என்று தெரியாத இடத்தில் நல்லவர்களும் கை தளர்கிறார்கள். உங்கள் நண்பர்களைக் கெட்டவர்கள் என்று எண்ண வேண்டாம். வேலை தொடங்கும் முன் எந்த மேசைகள் யாருக்கு என்று எல்லோர் முன்னிலையிலும் மேற்பார்வையாளரைச் சொல்லச் செய்யுங்கள். பிறகு ஒருவர் கூடுதலாக ஒன்றைக் கொடுத்தால், “என் கையில் இப்போது நான்கு மேசைகள் இருக்கின்றன, இதை எடுத்தால் அவற்றில் எதை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள்?” என்று கேளுங்கள். உதவுவதை நிறுத்த வேண்டாம்; உதவியைக் கொடுக்கல் வாங்கலாக மாற்றுங்கள்.